தோட்டத்துக் கையெழுத்துப்படியும் நூல் வழிகாட்டியும்

தங்கா பத்துச் சுற்றுவட்டாரத்திலும் மலாக்காவின் பிற தோட்டப் பகுதிகளிலும் பிறந்து வளர்ந்து, இன்று எழுபது அகவையைத் தொட்டும் கடந்தும் நிற்கும் பலரிடம் எழுதி வைத்த குறிப்பேடுகள் உள்ளன. பள்ளிப் பயிற்சி ஏட்டில் எழுதியவை, பழைய நாட்குறிப்பின் வெற்றுத் தாள்களில் எழுதியவை, கைப்பேசியில் பேசிப் பதிந்து பேரப்பிள்ளைகளைக் கொண்டு தட்டச்சு செய்வித்தவை எனப் பல வகை. பணி ஓய்வுக்குப் பின்னர் இவற்றுள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நூலாக வெளிவந்தவை மிகச் சில. வெளிவந்தவற்றுள்ளும், குறிப்பேட்டில் இருந்த உயிர் நூலில் இல்லாமற் போனவை உண்டு. இவ்விரு இழப்புக்கும் காரணம் ஒன்றே என்பது எம் கருத்து. எழுதியவர்க்குத் துணை கிடைக்கவில்லை. அல்லது தகாத துணை கிடைத்தது. தகுந்த துணை எத்தகையது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு சொல். மலாய் மொழியில் 'தங்கா' என்பது படிக்கட்டு, 'பத்து' என்பது கல். எண்ணுப்பெயராகிய பத்துக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை மாணவர் சிரிக்கமாட்டார்.

எழுதத் தொடங்கியவருடன் இருந்து, திட்டமிடவும் எழுதி முடிக்கவும் அச்சேற்றவும் வழிநடத்துபவரை ஆங்கிலத்தில் 'புக் கோச்' என்கின்றனர். மேலை நாடுகளில் இது கூலியும் ஒப்பந்தமும் உடைய தனித்தொழில். 'கோச்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. ஹங்கேரி நாட்டில் அப்பெயருடைய சிற்றூர் ஒன்று உண்டு. அங்குச் செய்யப்பட்ட குதிரை வண்டிக்கு ஊரின் பெயரே ஆகுபெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், தம்மைத் தேர்வில் கரைசேர்க்கும் தனியாசிரியரை வண்டியென்று கேலியாக அழைத்தனர். பின்னர் அச்சொல் விளையாட்டுத் திடலுக்குச் சென்று பயிற்றுநரைக் குறித்தது. தமிழில் 'நூற்பயிற்றுநர்' எனலாம். எனினும் 'வழிகாட்டி' என்னும் பழஞ்சொல்லே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. வண்டி தன்மேல் ஏறியவரைச் சுமந்து செல்லும், வழிகாட்டி சுமப்பதில்லை. நடக்க வேண்டியவர் எழுதுபவரே.

இவ்வேறுபாடு சிறிதன்று. மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துப் பிழையை நீக்குகிறார். பதிப்பாசிரியர் முடிந்த படியைச் செப்பம் செய்கிறார். பிறர் பெயரில் மறைந்திருந்து எழுதித் தருபவர் நூலையே எழுதுகிறார். வழிகாட்டி இம்மூவருக்கும் முன்னே நிற்பவர். நூல் இன்னும் நூலாகாத நிலையில் வினாக்களைக் கேட்பவர். நம் பகுதியில் நடப்பது என்னவெனில், தமிழறிந்த உறவினரோ நண்பரோ ஒருவர் இந்நான்கு வேலைகளையும் ஒரே மூச்சில், பெரும்பாலும் ஒரே வார இறுதியில், செய்து முடித்துவிடுகிறார்.

நூல் வெளிவருமுன் வல்லார் ஒருவர் கேட்டு ஆராய்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்கு உரைக்கப்பட்டது என்பதைப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அதனை விளக்குமிடத்து நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அகத்தியர் சினங்கொண்டு, தொல்காப்பியனின் நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். கேளாதிருக்கவும் இயலாமல், ஆசிரியரின் சொல்லை மீறவும் இயலாமல் தவித்த அவர், கேட்பதாக ஒப்புக்கொண்டு, கேட்ட இடமெல்லாம் குற்றம் கூறினாராம். தொல்காப்பியர் அத்தனைக்கும் விடை கூறினாராம். கதை வரலாறா என்பது வேறு செய்தி. நாம் கவனிக்க வேண்டியது அதில் காணும் வேலைப்பங்கீட்டை. வினா கேட்பவருடையது, விடை நூலாசிரியருடையது. அதங்கோட்டாசான் ஒரு நூற்பாவையும் திருத்தி எழுதித் தந்ததாகக் கதை கூறவில்லை.

மற்றொரு கதை களவியலுரையைச் சார்ந்தது. பல உரைகளுள் மெய்யுரை எது என்று காண, பேசாத சிறுவனாகிய உருத்திரசன்மனை இருத்தி ஒவ்வொன்றாக வாசித்தனர். நக்கீரர் உரையைக் கேட்ட இடந்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்து இருந்தானாம். கருத்துரைக்க வாயில்லாத அச்சிறுவனை நல்ல வாசகனின் இலக்கணமாகவே யாம் கொள்கிறோம். வழிகாட்டி தம் புலமையைக் காட்டாமல், எந்த இடத்தில் எழுத்து தம்மைத் தொட்டது, எந்த இடத்தில் விட்டது என்பதை மட்டும் முதலில் தெரிவித்தல் வேண்டும்.

குற்றங்களைச் சுட்ட நன்னூலின் பொதுப்பாயிரம் இன்றும் பயன்படும். அது நூற்குற்றம் பத்து என எண்ணுகிறது. இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். 'மற்றொன்று விரித்தல்' என்பது, சொல்ல வந்ததை விட்டுப் பிறிதொன்றை நீட்டுவது. 'சென்று தேய்ந்து இறுதல்' என்பது, வலுவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. தோட்டத்து நினைவு நூல்களில் யாம் மிகுதியும் கண்டவை இவ்விரண்டே. பிள்ளைப் பருவம் நூறு பக்கம் செல்லும். பின்வந்த நாற்பது ஆண்டுகள் பன்னிரண்டு பக்கத்தில் அடங்கிவிடும்.

மலாயாவில் இத்தகைய வழிகாட்டல் அமைப்பு முறையில் நடந்த காலமும் உண்டு. 1950, 1951ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர்த் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். வாசகர் கதை எழுதி அனுப்புவர், ஆசிரியர் இருவரும் படித்துக் குறைநிறை சொல்வர், பயிற்சி கொடுப்பர். பல்கலைக்கழகமோ பயிற்சிக் கட்டணமோ இல்லாமல், தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இருந்தவர்க்கு அஞ்சல் வழியே கிடைத்த கல்வி அது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் அவ்வகுப்பைக் கடந்து செல்வதில்லை. அதே பத்தாண்டில் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து தமிழ் நேசனில் பணியாற்றினார். இலக்கிய வட்டம் கூட்டி இளையோரின் கதைகளை நேரில் பேசி ஆராய்ந்தார். நாளிதழின் ஞாயிற்றுப் பக்கம் அக்காலத்தில் வகுப்பறையாகவே இருந்தது எனலாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. ஆயினும் அவ்வகுப்பு சிறுகதைக்கு உரியது. ஒரு கதையைத் திருத்த ஓர் அஞ்சல் போதும்; இருநூறு பக்க வாழ்க்கை வரலாற்றுக்கு அது போதாது. மாதக்கணக்கில் உடனிருக்க ஆள் வேண்டும்.

தமிழகத்தில் அவ்வாறு உடனிருந்தவருள் க்ரியா இராமகிருஷ்ணனைக் குறிப்பிடாமலிருக்க இயலாது. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம் வெளியிட்ட நூல்கள் எண்ணிக்கையில் மிகுதியல்ல. ஆனால் ஆசிரியருடன் அமர்ந்து வரிவரியாகக் கையெழுத்துப்படியைப் பார்க்கும் வழக்கத்தை அது தமிழில் நிலைநாட்டியது. இமையத்தின் முதல் நாவலாகிய 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கிருந்தே வந்தது. சலவைத் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்லும் அந்நாவலில் வட்டார வழக்கு அழிக்கப்படவில்லை. 1992இல் 'தற்காலத் தமிழ் அகராதி'யை வெளியிட்ட அதே பதிப்பகம், அகராதித் தமிழைக் கதைமாந்தர் வாயில் திணிக்கவில்லை என்பதை மாணவர் கருதிப் பார்த்தல் வேண்டும். செப்பம் செய்தல் வேறு. சீருடை அணிவித்தல் வேறு.

துணை எல்லை மீறினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. ரேமண்ட் கார்வரின் சிறுகதைத் தொகுதி ஒன்று 1981இல் வந்து பெரும்புகழ் பெற்றது. அதன் பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ், கதைகளைப் பாதியளவுக்கு வெட்டியிருந்தார்; முடிவுகளை மாற்றியிருந்தார். கார்வர் மறைந்து இருபதாண்டு கழித்து, 2009இல், அவருடைய மூலப்படி தனி நூலாக வெளிவந்தது. எது சிறந்தது என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. கார்வருக்காவது மூலப்படி எஞ்சியது. நம் தோட்டத்துப் பாட்டியின் குறிப்பேடு, தட்டச்சு முடிந்ததும் பழைய தாள்காரரிடம் போய்விடும்.

இனி, யாம் அருகிருந்து கண்ட ஒரு கையெழுத்துப்படியைப் பற்றிச் சொல்வோம். எழுதியவர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற மூதாட்டி. பெயரும் தோட்டமும் இங்கு வேண்டா. மலாயாவில் வணிக முறையில் கித்தா பயிரிடப்பட்டது 1896இல் இம்மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில், தான் சாய் யான் என்பவரின் நிலத்தில். அன்று தொடங்கி மூன்று நான்கு தலைமுறைகளில் இங்கு உருவான தொழிற்சொற்கள் அம்மூதாட்டியின் நாவில் இருந்தன. மலாய் கெத்தா நமக்குக் கித்தா ஆயிற்று. மங்கோக் மங்கு ஆயிற்று. காண்டா, கிராணி, ஒட்டுப்பால், லயம், வெட்டுக்காடு எல்லாம் அவர் ஏட்டில் இருந்தன. முதற்பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது:

"பெரட்டுக்குப் போறப்ப அம்மா என்ன எழுப்பாது. கத்தி தீட்டுற சத்தந்தான் எழுப்பும்."

உறவினர் ஒருவர் திருத்தித் தந்த படியில் இவ்வரி, "அணிவகுப்பிற்குச் செல்லுங்கால் அன்னையார் என்னை எழுப்பமாட்டார், கத்தி தீட்டும் ஒலியே துயிலெழுப்பும்" என்று இருந்தது. பெரட்டு என்பது ஆங்கிலப் 'பரேட்' என்பதன் திரிபு. ஆதலின் சொற்பிறப்பு நோக்கில் அணிவகுப்பு என்றது குற்றமில்லை. ஆனால் விடியுமுன் தொழிலாளர் கூடி நின்று பெயர் கொடுத்து வேலை பெறும் களத்தை அச்சொல் காட்டாது, படைவீரரையே காட்டும். 'அம்மா எழுப்பாது' என்பதும் அவ்வாறே. உயர்திணைப் பெயர் அஃறிணை முடிபு கொள்வதைப் பிழையென்று ஆசிரியர் சிவப்புக் கோடிடுவர். நம் பேச்சில் தாய்க்கு அம்முடிபு இழிவன்று, நெருக்கம். உவப்பினால் திணை மயங்குவதை நம் இலக்கணமே வழுவமைதி என்று ஏற்கிறது. பசுவைத் தாயென்று சொல்லி உயர்திணை முடிபு கொடுப்பதற்கு இடமளித்த இலக்கணம், தாயை 'அது' என்னும் அன்புக்கு மட்டும் இடங்கொடாது என்று கொள்ளுதல் பொருந்தாது.

இப்படிக்கு வழிகாட்டியாக அமைந்தவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். நூற்பயிற்றுநர் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். யாம் மொழி குறித்த ஐயங்களுக்கு மட்டும் உடனிருந்தோம். மாதம் இருமுறை சந்திப்பு. முதல் மூன்று சந்திப்புகளில் அவர் எழுத்துப் பிழை ஒன்றையும் தொடவில்லை. அதுவே அவர் செய்த நற்செயல்களுள் தலையாயது என்போம். எழுதிக்கொண்டிருப்பவர்க்கு ஒற்றுப்பிழையைச் சுட்டினால், அடுத்த பக்கத்தில் அவர் ஒற்றை நினைப்பாரேயன்றித் தாயை நினைக்கமாட்டார். ஆசிரியர் வழிகாட்டியாகச் செல்லும்போது சிவப்பு மைப்பேனாவைப் பள்ளியிலேயே விட்டுச் செல்வது நலம்.

அவர் கேட்டது வினாக்களே. "பாட்டி, கத்தியத் தீட்டுனது யாரு?" "அம்மாதான் டீச்சர்." "அப்பா எங்க?" "அப்பா ஊருக்குப் போயிருச்சே. அதான் ஒரு வரி எழுதியிருக்கேனே."

உண்மையில் ஒரு வரியே இருந்தது. "அப்பா கப்பலேறி ஊருக்குப் போயிருச்சு." மாரியம்மன் திருவிழாவுக்குப் பதினொரு பக்கம், தந்தைக்கு ஒரு வரி. உறவினரின் திருத்தத்தில் அவ்வொரு வரியும், "தந்தையார் தாயகம் திரும்பினார்" என்று ஆகியிருந்தது. இங்கேதான் திருத்தம் பொய்யாகிறது. 'தாயகம் திரும்பினார்' என்பது நாளிதழ்த் தலைப்பு. வரவேற்பும் மாலையும் அதனுள் உண்டு. 'ஊருக்குப் போயிருச்சு' என்பதில் விட்டுச் சென்றதே உண்டு.

நடந்தது வரலாற்றோடு பிணைந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதார் இந்நாட்டில் வேலை செய்ய உரிமம் பெறுதல் வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர், பால்மரத்தைத் தவிர வேறொன்றறியாதவர், அடுத்த சில ஆண்டுகளில் தமிழகம் சென்றனர். போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜுலா கப்பல் ஏறியவருள் அத்தந்தையும் ஒருவர். இங்குப் பிறந்த பிள்ளைகளுடன் தாய் தங்கிவிட்டார். அன்றுமுதல் கத்தி தீட்டியது அவரே.

அந்த வினாவுக்குப் பின் ஆறு வாரம் மூதாட்டி ஒன்றும் எழுதவில்லை. ஆசிரியை சந்திப்பை நிறுத்தவுமில்லை, எழுதச் சொல்லி வற்புறுத்தவுமில்லை. வந்து அமர்ந்து பழைய பக்கங்களை வாசித்துக் காட்டிவிட்டுச் சென்றார். ஏழாம் வாரம் இருபத்து மூன்று பக்கம் வந்தது. நூலின் நடு அதுவாயிற்று. கப்பல்துறையில் தந்தை வாங்கிக் கொடுத்த பிஸ்கட் டின், பின்னர் வந்த மூன்று கடிதம், நான்காவது வாராமை எல்லாம் அதில் இருந்தன. திருவிழாப் பகுதி நான்கு பக்கமாகக் குறைந்தது, குறைத்தவர் மூதாட்டியே. இந்த இருபத்து மூன்று பக்கத்தை வழிகாட்டி தாமே கேட்டறிந்து எழுதித் தந்திருந்தால், செய்தி கிடைத்திருக்கும். அவருடைய மொழி கிடைத்திராது.

மொழி குறித்து இறுதியில் எடுத்த முடிவு எளியது. இரு வகையாகவும் எழுதிய பகுதிகளை ஆசிரியை உரக்க வாசித்தார். மூதாட்டி கேட்டுத் தேர்ந்தார். எடுத்துரைப்பு எழுத்துத் தமிழில், ஆனால் தோட்டச் சொற்களோடு. உரையாடல் பேச்சில். தாய்க்கும் தந்தைக்கும் அஃறிணை முடிபு எங்கும் அப்படியே. நூலின் இறுதியில் சொல்விளக்கப் பட்டியல். ஒரே சொல்லைப் 'பிரட்டு' என்றும் 'பெரட்டு' என்றும் மாற்றி எழுதியிருந்ததை மட்டும் ஒருமைப்படுத்தினோம். மெய்ப்புப் பணி அதன்பின்னரே தொடங்கியது.

வெளியீட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லுதல் வேண்டும். ஏனெனில் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான். நம் நாட்டில் தமிழ் நூல்களுள் பெரும்பகுதி ஆசிரியரின் சொந்தச் செலவில் அச்சாகி, வெளியீட்டு விழாவிலேயே விற்கிறது. அதனால் மண்டபமும் நாளும் முதலில் உறுதியாகின்றன. கையெழுத்துப்படி அந்நாளைத் துரத்துகிறது. அழைப்பிதழ் அச்சான பின் எந்த வினாவையும் கேட்க இயலாது. படி முடியுமுன் நாள் குறிக்கலாகாது என்பதை முதற்சந்திப்பிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எழுதிக்கொள்ள வேண்டியவை வேறும் உள. வழிகாட்டிக்குக் கட்டணம் உண்டா, உண்டெனில் எவ்வளவு, எத்தனை சந்திப்புக்கு என்பது தெளிவாதல் வேண்டும். அச்சகத்தாரிடமிருந்து அவருக்குத் தரகு இருத்தலாகாது. அட்டையில் எவர் பெயர் வரும், நன்றியுரையில் எவர் பெயர் வரும் என்பதும் முன்பே முடிவாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை எழுதியவருடையது. அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 50 ஆண்டுக்கும் அது நிலைக்கும். திருத்தித் தந்ததனால் உரிமை கைமாறாது. பழைய கடிதங்களையும் ஒளிப்படங்களையும் சேர்க்கும்போது, எழுதியவர் எவர், எடுத்தவர் எவர் எனக் கேட்டு இசைவு பெறுதல் வேண்டும். கையிலுள்ள கடிதம் நமதாயினும் அதில் உள்ள சொற்கள் எழுதியவருடையவை.

அனைத்துலகத் தர நூல் எண்ணைத் தேசிய நூலகம் வழங்குகிறது. 978க்குப் பின் 967, 983, 629 என்னும் எண்களுள் ஒன்று வந்தால் அது மலேசிய நூல். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அச்சான ஒரு மாதத்திற்குள் 5 படிகளைத் தேசிய நூலகத்திற்கு ஒப்படைத்தல் வேண்டும். சொந்தமாக அச்சிட்டோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்; விழாவில் மீந்த படிகள் வீட்டில் கட்டாகக் கிடக்கும். மூதாட்டியின் மூலக் குறிப்பேட்டை ஆசிரியை பக்கம் பக்கமாக ஒளிப்படமெடுத்து, ஏட்டை அவர் மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். உறவினரின் திருத்தப் படியும் அதனுடன் கட்டி வைக்கப்பட்டுள்ளது.